பொங்காலையன்று நிழல் விற்றவள்

"மக்களே, நிழலு எங்க?"

நாகர்கோவிலில் இருந்து வந்திருந்த தங்கம் அக்கா முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த மண்பானையைப் பார்த்தார். கடைசியில் என் மகள் அப்புவைப் பார்த்தார். அவருடன் வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அதே வரிசையில் வானம், பானை, அப்பு என்று பார்த்தார்கள்.

அம்மன் கோயில் பொங்காலை நாள். காலை பத்து மணி இருக்கும். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் அடுப்புகள். எங்கள் வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கியபடி இருந்தார்கள். எதிர் வரிசையில் இருந்தவர்கள் குளுகுளு நிழலில் காலை நீட்டிக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெட்கக்கேடு என்னவென்றால், நிழலுக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கியிருந்தது எங்கள் வரிசையில்தான்.

அப்பு நிமிர்ந்து சூரியனை ஒரு முறை பார்த்தாள்.

"நேத்து இங்கதான் இருந்தது, ஆண்ட்டி," என்றாள்.

சென்ற வாரம் இதே பக்கத்தில் என் பல்வலியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் என் பெண்ணைப் பற்றி. பல் வெளியே வந்ததும் வலி போய்விட்டது. பெற்ற பெண்ணை அப்படி எதுவும் செய்ய முடியாது.

சம்பளம் வாங்கும் பரம்பரை

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் விற்றதில்லை. என் அப்பா அரசாங்க உத்தியோகம். மாமனார் கோயில் அலுவலகத்தில் குமாஸ்தா. நான் காப்பீட்டு அலுவலகம். என் கணவர் கணக்குத் தணிக்கை. மாதம் பிறந்தால் சம்பளம், தலை நரைத்தால் ஓய்வூதியம் என்று நிம்மதியாக மூச்சு விட்டுப் பழகியவர்கள்.

என் கணவர் வாழ்க்கையில் விற்ற ஒரே பொருள் ஒரு பழைய ஸ்கூட்டர். அதையும் வாங்க வந்தவரிடம், "பிரேக் சரியா பிடிக்காது, ஹார்ன் மழை பெஞ்சா அடிக்காது, நீங்க வேற வண்டி பார்த்துக்கறதுதான் நல்லது" என்று மன்னிப்புக் கேட்டுக்கேட்டே விற்றார். வந்தவர் ஏதோ தந்திரம் என்று நினைத்து உடனே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அப்பு பிறந்தாள்.

அவளுடைய முதல் வியாபாரம் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது. மீன். சின்னச் சின்ன வண்ண மீன்கள். யாரோ ஒரு சிநேகிதி ஒரு புட்டியில் கொடுத்த ஜோடி, மாதம் திரும்புவதற்குள் குட்டி போட்டுக் குட்டி போட்டு, எங்கள் வீட்டில் இருந்த எவர்சில்வர் பாத்திரம் அத்தனையிலும் நீந்தியது. அப்பு பள்ளிக்கூடத்தில் விளம்பரம் செய்துவிட்டாள்.

விளைவு, சனிக்கிழமை காலையில் அக்ரகாரத்துத் தெருவில் வரிசையாகப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். எங்கள் வீடு எது என்று தெரியாமல் ஒவ்வொரு வாசலிலும் மணியடித்து, "ஆண்ட்டி, இவிடெ மீன் உண்டோ?" என்று கேட்டார்கள்.

எதிர்வீட்டு கோமதி மாமி அன்றைக்குப் பூஜையைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார். தெருவே அவர் பின்னால் வந்தது. பாயசப் பாத்திரத்தில் நீந்திக்கொண்டிருந்ததைக் காட்டி, "மாமி, இது சமைக்கற மீன் இல்லை, பார்க்கற மீன்" என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "பார்க்கவும் அப்படியொண்ணும் நன்னா இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது கொலு பொம்மை வாடகை. பரணில் தூங்கும் எங்கள் பொம்மைகளை, படி நிறையாமல் தவிக்கும் வீடுகளுக்குக் கொடுப்பது. யோசனை நல்லதுதான். ஆனால் தசாவதார செட்டை இரண்டு வீட்டுக்கு ஒப்புக்கொண்டு, பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். மச்சம் முதல் வாமனன் வரை ஒரு வீட்டில். பரசுராமர் முதல் கல்கி வரை இன்னொரு வீட்டில். "முதல் பாகம், இரண்டாம் பாகம், அம்மா. ரெண்டு ஆத்துக்கும் போனாத்தான் கதை முடியும். அவாளுக்கும் விருந்தாளி கூடுதலா வருவா" என்றாள்.

உண்மையிலேயே கூடுதலாக வந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு கைகுலுக்கல்

பதினொன்றாம் வகுப்பு வந்ததும் சரியாகிவிடுவாள் என்று இருந்தேன். என்ட்ரன்ஸ் கோச்சிங், டியூஷன் என்று நேரமே இராதே. ஆனால் மாசி மாதம் நெருங்கும்போது ஒரு நாள் வாசல் சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு சிறிய பலகை. தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது: "நிழலடுப்பு."

பொங்காலை என்பது எங்கள் நகரத்துக்கு எப்படிப்பட்ட நாள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் போதாமல், தம்பானூர் ரயில் நிலையத்து வாசல் வரைக்கும் பெண்கள் அடுப்பு வைத்து அம்மனுக்குப் பாயசம் காய்ச்சுவார்கள். கோயிலில் முதல் அடுப்பு மூட்டியதும் அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி ஊரெல்லாம் பரவும். இடம் பிடிக்கச் சில நாட்கள் முன்பே செங்கல் வைத்துவிடுவார்கள். ரயிலில் துண்டு போட்டுப் பிடித்த இடத்துக்குச் சண்டை வரும். பொங்காலைக்கு வைத்த செங்கல்லை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். வைத்தது வைத்ததுதான்.

அப்புவின் திட்டம் இது. வெளியூரில் இருந்து வருபவர்கள் செங்கல், பானை, அடுப்பெரிக்கத் தென்னங்கொதும்பு எல்லாம் சுமந்துகொண்டு வந்து இடம் தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு எங்கள் வரிசை வீட்டு வாசல்களில் இடம் பிடித்து, எல்லாம் தயாராக வைத்திருப்பது. கூடவே மோர், கழிப்பறை, முக்கியமாக நிழல். மாசி வெயிலில் நிழல்தான் பெரிய விஷயம். நாகர்கோவிலில் இருக்கும் என் நாத்தனார் மூலமாக ஒரு பெண்கள் கூட்டமே பதிவு செய்துவிட்டது. கூட்டத்துக்குத் தலைவி, ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ் தங்கம் அக்கா.

எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. "விரதம் இருந்து வரவா, அப்பு. ஏதாவது குறை வந்தா அம்மன் கோபம் வேற, அவா சாபம் வேற."

"டென்ஷன் அடிக்காதேம்மா. எல்லாம் செட்."

"செட்டாவது! ஒரே ஒருத்தர் குறை சொன்னாலும் அன்னிக்கே கடையை மூடணும். டிகிரி முடியற வரைக்கும் பிசினஸ்ங்கற பேச்சே இந்த ஆத்துல கேக்கப்படாது. சம்மதமா?"

அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கையை நீட்டினாள். "டீல்."

பெற்ற பெண்ணுடன் கை குலுக்குவது அதுதான் முதல் தடவை. கை சில்லென்று இருந்தது. அவளுடையது இல்லை, என்னுடையது.

எங்கள் தெருவில் சூரியன்

மறுபடி அந்தப் பத்து மணிக்கு வருகிறேன்.

என்ன நடந்தது என்பது சூரியனுக்கே வெளிச்சம். அப்பு தெருவை ஆராய்ந்ததெல்லாம் டியூஷன் முடிந்து வந்தபிறகு, மாலையில். அப்போது வெயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறங்கி, வாசலில் ஜிலுஜிலுவென்று நிழல் விழும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும், நிழல் எதிர்வரிசையில் விழும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். அவள் என்ட்ரன்ஸுக்கு அல்லவா படித்துக்கொண்டிருந்தாள்!

அவளை மட்டும் சொல்வானேன்? நான் ஒன்பது மணிக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவள். என் கணவரும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் பின்கட்டில் துணி தோய்ப்பார், நான் அடுக்களையில் இருப்பேன், அப்பு தூங்குவாள். பொங்காலைக்குக்கூட நான் கூட்டத்துக்குப் பயந்து பின்முற்றத்தில்தான் அடுப்பு வைப்பேன். இத்தனை வருஷம் குடியிருந்த தெருவில் காலை பத்து மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கோமதி மாமிக்குத் தெரியும். எதிர்வரிசையில், நிழலின் நட்டநடுவில், தன் பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"செங்கல் வைக்கறச்சேயே சொல்லியிருக்கப்படாதோ, மாமி?"

"நீ கேட்டியோ?" என்றார் மாமி. "அதுவுமில்லாம, கொழந்தை ஏதோ பிசினஸ் பண்றா, அதுல போய் நான் தலையிடுவானேன்னு இருந்தேன்."

எதிர்ப்பக்கம் ஒரு செங்கல் வைக்கக்கூட இடமில்லை.

நான் அப்புவைத் தனியாக இழுத்தேன். "குறை சொல்லியாச்சு. கேட்டாயோ இல்லையோ?"

"'நிழல் எங்கே'ங்கறது கேள்விம்மா. குறை இல்லை," என்றாள். குரல் உறுதியாக இருந்தது. ஆனால் முகம் வெளுத்திருந்தது. "சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. நான் பார்த்துக்கறேன்."

நிழல் உற்பத்தி

முதலில் களத்தில் இறங்கியவர் என் கணவர். பீரோவில் இருந்த எட்டு முழ வேஷ்டிகளைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் நடுவில் கட்டினார். பார்ப்பதற்கு என்னவோ கல்யாணப் பந்தல் போலத்தான் இருந்தது.

அதற்குள் தெருமுனையில் பெண்களின் குரவைச் சத்தம் எழுந்தது. தீ வந்துவிட்டது. அடுப்பிலிருந்து அடுப்புக்கு ஓலைச்சூட்டுப் பந்தத்தில் கைமாறி எங்கள் வாசலுக்கும் வந்தது. தங்கம் அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டு அடுப்பு மூட்டினார். தெரு முழுக்கப் புகை.

"ஏன்னா! வேஷ்டி!" என்று அலறினேன்.

ஒரு பொறி பறந்து வேஷ்டியின் ஓரத்தில் உட்கார்ந்து கறுப்பாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது. நான் வாளித் தண்ணீரைத் தூக்கினேன். அடுப்பின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் மகாபாவம். ஆகவே குறி பார்த்து, முழுவதையும் என் கணவர் மேல் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இப்பக் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கு," என்றார்.

வேஷ்டிகளை அவிழ்த்தோம். அப்பு தெருமுனைக்கு ஓடினாள். அங்கே லாட்டரிச் சீட்டு விற்கும் சசி அண்ணனிடம் ஒரு ராட்சதக் குடை உண்டு.

"மோளே, குடை தராம். பக்ஷே குடையோட கூட ஞானும் வரும்," என்றார் சசி அண்ணன். அவரும் வந்தார், அவருடைய சீட்டுப் பலகையும் வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே விரதமிருக்கும் பெண்களிடம், "அம்மமாரே, இன்னத்தெ நறுக்கெடுப்பு..." என்று அன்றைய லாட்டரிக் குலுக்கலின் மகிமையை ஆரம்பித்தார். ஈர வேஷ்டியோடு என் கணவர் இன்னொரு குடையைப் பிடித்தார். அப்பு குடையில்லாத இடங்களுக்கு ஓடி ஓடி, என்ட்ரன்ஸ் வழிகாட்டிப் புத்தகத்தால் விசிறினாள். அந்தப் புத்தகம் அவள் கையில் அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததில்லை.

மோர்

உள்ளதைச் சொல்கிறேன். காலையில் நான் குறைக்காகக் காத்திருந்தேன். யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் இந்தப் பயம் இன்றோடு தீர்ந்தது என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, "வெயில் ரொம்பவோ? கஷ்டமா இருக்கோ?" என்று விசாரித்துக்கொண்டே போனேன்.

தங்கம் அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். "நமக்கு ஒண்ணுமில்ல கேட்டீங்களா. உங்க மொகத்தப் பாத்தாத்தான் பிரஷர் பாக்கணும் போல இருக்கு. இப்பிடி உக்காருங்க."

உட்காராமல் நகர்ந்தேன். அப்போது அப்புவைப் பார்த்தேன். கடைசி அடுப்பில் ஒரு பெண்ணுக்குப் புகையில் கண் திறக்க முடியவில்லை. அப்பு வெயிலுக்கு முதுகைக் கொடுத்து அவர் மேல் தன் நிழல் விழும்படி நின்றிருந்தாள். அந்த அம்மாள் சரிந்து உட்கார்ந்தால் அப்புவும் சரிந்தாள். அவர் எழுந்தால் இவளும் நிமிர்ந்தாள். விற்ற சரக்கைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விசாரிப்பதை அதோடு நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நான் குடத்து மோரைத் தூக்கிக்கொண்டேன். "என்ன வெயில் இது..." என்று எந்த வாய் திறந்தாலும், வாக்கியம் முடிவதற்குள் அதில் மோர் ஊற்றினேன். விரதத்துக்கு மோர் ஆகுமா என்று யோசித்தவர்களிடம், "அம்மனே குடிப்பா" என்று நானே சாஸ்திரம் சொன்னேன். ஒருவரும் ஒரு வாக்கியத்தையும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.

பானைகள் பொங்கி வழிந்தன. குரவை எழுந்தது. நேரம் உச்சியைத் தாண்டியது. எதிர்வீட்டு நிழல் மெல்லச் சுருங்கி, மாமியின் நாற்காலிக் காலடியில் ஒரு கோடாகி, காணாமல் போயிற்று. சற்று நேரத்தில் எங்கள் சுவரடியில் ஒரு கறுப்புக் கரை தெரிந்தது. அது அங்குலம் அங்குலமாக வெளியே வந்து, பானைகளைத் தொட்டு, பெண்களின் மடியில் ஏறியது.

"வந்தாச்சு! வந்தாச்சு!" என்று அப்பு கத்தினாள். ரயில் வந்ததுபோல் எல்லோரும் கை தட்டினார்கள். எதிரே கோமதி மாமி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "லலிதா, அந்த மோர் கொஞ்சம் இந்தப் பக்கமும் வரப்படாதோ?" என்றார்.

பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பொங்காலை முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. என் மோர் ஜெயித்தது என்று மூச்சு விட்டேன்.

கேட்டே தீருவேன்

அப்பு நேராகத் தங்கம் அக்காவிடம் போனாள்.

"ஆண்ட்டி, சர்வீஸ்ல ஏதாவது குறை இருந்ததா?"

நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். "அவா கிளம்பற நேரத்துல என்னடி தொல்லை!"

"கேக்கணும்மா. கேக்காம இருந்தா ஏமாத்தறாப்பல ஆயிடும்."

தங்கம் அக்கா இடுப்பில் கையை ஊன்றி எழுந்தார். வார்டு முழுக்கக் கேட்டுப் பழகிய குரல் அது.

"குறையா? இருக்கு மக்களே. நிழலுன்னு சொன்ன, வெயில்ல போட்ட. லாட்டரிக்காரன் சாமி கும்பிடவே விடல. உங்க அப்பா குடைய என் தலைக்குப் புடிச்சாரா அவரு தலைக்குப் புடிச்சாரான்னு அம்மனுக்குத்தான் தெரியும். பொறவு உங்க அம்ம. வாயத் தெறந்தா மோரு. மூச்சு விட்டா மோரு. நான் எத்தன தடவ பாத்ரூம் போனேன் தெரியுமா?"

தெருவே சிரித்தது. அப்பு சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரிம்மா. டீல் டீல்தான். நீ ஜெயிச்சுட்டே."

சுவரோரம் போய் "நிழலடுப்பு" பலகையைக் கழற்ற ஆரம்பித்தாள். கை எட்டாமல் எக்கி நின்றாள். யாராவது உதவுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை.

"என்ன டீலு?" என்றார் தங்கம் அக்கா. சொன்னேன். சொல்லும்போதே என் குரல் தேய்ந்துகொண்டு வந்தது.

"கடைய மூடவா?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அடுத்த தடவ ஒழுங்கா செய்யணும்னுல்லா குறை சொல்லுதேன்! கல்யாணம் ஆன நாள் தொட்டு நான் எங்க வீட்டுக்காரருட்ட நித்தம் குறை சொல்லுதேன். அதுக்காக அவர மூடியா போட்டேன்?"

"ஆமாடி லலிதா," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வேர்த்து வழிய வந்து சேர்ந்தார் கோமதி மாமி. "அடுத்த வருஷம் எனக்கு அரை நாள் அங்கே, அரை நாள் இங்கேன்னு ஒரு ஏற்பாடு பண்ணித் தரச் சொல்லு இவளை."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வானம், பானை, நான். அப்புவின் கை பலகை மேலேயே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காது மட்டும் என் பக்கம் இருந்தது.

நாலு பேர் முன்னால் தோற்றதாகச் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது.

"அந்தப் பலகையைக் கழட்டாதே," என்றேன். "சுவத்துல ஆணி ஓட்டை அசிங்கமாத் தெரியும்."

பகல் பத்து மணி

பொங்காலைக்குப் பிறகு வந்த ஒரு வேலை நாளில் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் காய்ச்சலும் கல்யாணமும் இல்லாமல் போட்ட முதல் லீவு. அப்பு பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் கையில் ஒரு சாக்பீஸுடன் தெருவில் இறங்கினேன்.

நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதினேன். உள்ளே போய்க் குழம்பைக் கிளறிவிட்டு வந்து பார்த்தால் நகர்ந்திருந்தது. இன்னொரு கோடு. ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, "சேச்சி, எந்தெங்கிலும் களஞ்ஞு போயோ?" என்று, ஏதாவது தொலைந்துபோயிற்றா எனப் பரிவோடு விசாரித்துவிட்டுப் போனார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கோமதி மாமியின் முகம் தெரிந்தது.

"என்னடி லலிதா, நடுத்தெருவுல? இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?"

நான் குனிந்தபடியே அடுத்த கோட்டை இழுத்தேன்.

"ஆபீஸ்லதான் இருக்கேன், மாமி."